கூட்டால் பெயர் பெற்ற தேனீக்கள்

(அன்னூரில் உழவர்களும் தமிழன்பர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசுமாறு அழைத்தீர்கள். நான் தேனீயைப் பற்றிப் பேசப் போகின்றேன். முன்வரிசையில் இருக்கும் இளைஞர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கின்றனர். பொறுத்துக் கேளுங்கள். மொழியைப் பற்றித்தான் பேசுகின்றேன் என்பது சிறிது நேரத்தில் விளங்கும்.

தேனீ வளர்ப்புப் பற்றி வெளிவரும் துண்டறிக்கைகளையும் பாடப் பொத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். 'இந்தியத் தேனீ' என்று ஒன்று இருக்கும். 'இத்தாலியத் தேனீ' என்று ஒன்று இருக்கும். 'இராட்சசத் தேனீ' என்றும் 'குள்ளத் தேனீ' என்றும் சிலவற்றில் இருக்கும். இவை ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியவை. அவற்றுள் ஒன்றுக்கு அச்சட்டையும் வடமொழிக் கடையில் வாங்கியது. இப்பெயர்களைப் படிக்கும் மாணவன் என்ன அறிந்துகொள்வான்? ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று உள்நாட்டது, ஒன்று வெளிநாட்டது. அவ்வளவே. எந்த மரத்தில் தேடுவது, எந்தச் சுவரில் தேடுவது, எதைப் பெட்டியில் வைக்கலாம், எது பெட்டிக்குள் தங்காது என்பவற்றைப் பற்றி அப்பெயர்கள் அவனுக்கு ஒன்றுமே சொல்லா.

இதே உயிர்களுக்கு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இட்ட பெயர்கள் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்பன. இந்நான்கனுள் மூன்று பெயர்கள் கூட்டைக் கண்டு இட்டவை. மலையில் தொங்குவது மலைத்தேனீ. மரக்கொம்பைப் பற்றிக் கட்டுவது கொம்புத்தேனீ. அடைமேல் அடையாக அடுக்கிக் கட்டுவது அடுக்குத்தேனீ. பெயரைச் சொன்னாலே கூடு கண்முன் நிற்கின்றது. கூடு தெரிந்தால், அவ்வுயிரோடு எப்படிப் பழகுவது என்பதும் தெரிந்துவிடுகின்றது. இதனைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகின்றேன்.

முதலில் மலைத்தேனீ. நீலமலைச் சரிவுகளிலும் சத்தியமங்கலக் காடுகளிலும் வாழும் குறும்பரும் இருளரும் நன்கறிந்த தேனீ இதுவே. உடல் நீளம் ஏறத்தாழ 17 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு அடியிலோ, ஓங்கிய மரத்தின் கிளைக்கு அடியிலோ ஒரே ஓர் அடையைத் தொங்கவிடும். அவ்வடை மூன்று முழ அகலம் வரை விரிவதுண்டு. மூடுவதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தேனீக்களின் உடலே அதற்குச் சுவர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றிக்கொண்டு அடை முழுவதையும் ஒரு திரைபோல் போர்த்தியிருக்கும். கடந்தைக் குளவி அருகில் வந்தால் அத்திரையில் ஓர் அலை எழும். தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றை மேலே தூக்கி இறக்குவதால் உண்டாகும் அலை அது. காற்றில் கம்பங்கொல்லை அலைவது போல் இருக்கும். குளவி மருண்டு விலகிவிடும்.

இத்தேனீ ஓரிடத்தில் நிலைத்திராது. பூக்காலம் நோக்கி இடம் பெயரும். மலைக்கும் நிலத்துக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேலும் பறந்து செல்வதுண்டு. அடுத்த பருவத்தில் அதே பாறைக்கும் அதே மரத்துக்கும் திரும்பி வருகின்றது. இதில் வியப்பு என்னவென்றால், ஒரு பணித்தேனீயின் வாழ்நாள் சில கிழமைகளோ சில திங்களோதான். சென்ற பருவத்தில் புறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை திரும்பும்போது உயிரோடு இருப்பதில்லை. பின் எவ்வாறு அதே கிளையை அடைகின்றன? இவ்வினாவுக்கு முழு விடை அறிவியலாருக்கே இன்னும் கிட்டவில்லை.

மலையில் இத்தேனை எடுப்பதற்கென்றே நம் முன்னோர் ஓர் ஏணி செய்தனர். நெடிய மூங்கிலின் கணுக்களை அடியாகக் கொண்டு ஏறும் அவ்வேணிக்குக் கண்ணேணி என்று பெயர். மால்பு என்றும் சொன்னார்கள். கழக இலக்கியம் கற்றோர் இச்சொல்லை அறிவர். மலைத்தேனெடுப்பு ஒரு தொழிலாகவும் அதற்கெனத் தனிக் கருவியும் தனிச்சொல்லும் உள்ளதாகவும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தமைக்கு அதுவே சான்று. பாரியின் பறம்புமலைக்கு உழவர் உழாமலே கிடைக்கும் விளைவுகள் நான்கு எனக் கபிலர் புறநானூற்றில் எண்ணிச் சொல்கின்றார். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மூவேந்தர் முற்றுகையிட்டாலும் அம்மலை பசியால் வீழாது என்பதற்கு அவர் காட்டும் படைகளுள் ஒன்று தேன்!

அன்னூருக்கு மலை இல்லையே என்பீர்கள். மலை இல்லாவிட்டால் மலைத்தேனீ மலையைத் தேடிக் கொள்ளும். ஆலமரமும் இலவமரமும் அதற்கு மலை. அவை போனபின் இன்று மேல்நிலை நீர்த்தொட்டியும் உயர்ந்த கட்டடத்தின் முகப்பும் அதற்கு மலை. அங்கே அதனைக் கண்டதும் தீயும் நஞ்சும் கொண்டு ஓடுகின்றோம். அதன் கொடுக்கு இடர் விளைப்பது உண்மை, நான் மறுக்கவில்லை. கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே கேடு வரும். ஆனால் ஏன் கூட்டமாகக் கொட்டுகின்றது என்று அறிதல் வேண்டும். ஒரு தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு, முள் வைத்த தூண்டில்போல் நம் தோலில் சிக்கிக்கொள்ளும். தேனீ இறந்துபடும். கொடுக்கிலிருந்து கனிந்த வாழைப்பழத்தின் மணம் போன்ற ஒரு மணம் எழும். அம்மணமே மற்றத் தேனீக்களுக்குப் போர்முரசு. எனவே கொட்டுப்பட்டவன் கையை வீசி நின்றுகொண்டிருந்தால் மேலும் கொட்டுப்படுவான். விரைந்து விலக வேண்டும். புகை காட்டித் தேனெடுப்பவர் செய்வது என்ன? புகை அம்மணத்தை மறைக்கின்றது. தீ வந்ததென்று எண்ணித் தேனீக்கள் தேனை வயிறு நிறையக் குடிப்பதால் கொட்டும் வேகமும் தணிகின்றது. இருளர் பெருமக்கள் இதனைப் பள்ளியில் கற்கவில்லை.

அடுத்து, கொம்புத்தேனீ. இதுதான் உங்கள் ஊர்த் தேனீ, இட்டேரித் தேனீ. இட்டேரி என்னும் சொல்லைக் கொங்குநாட்டுக்கு வெளியே சொன்னால் பலர்க்குப் புரியாது. இருபுறமும் உயிர்வேலி அடர்ந்து நிற்க, நடுவே வண்டி செல்லும் தடம். கிளுவை, சங்கஞ்செடி, கள்ளி, அவற்றின்மேல் கோவைக்கொடி, பிரண்டை, ஓரத்தில் ஆவாரை. அவ்வேலியின் உள்ளே, வெயில் நேரே படாத கொம்பில், ஒரு சாண் அளவே உள்ள ஒற்றை அடை. கொம்பைச் சுற்றிக் கட்டிய மேற்பகுதியில் தேன்; கீழே தொங்கும் பகுதியில் புழுக்கள். கூட்டின் இருபுறமும் அக்கொம்பில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பிசினைப் பூசி வைத்திருக்கும். எறும்பு வந்தால் அப்பிசினில் ஒட்டிக்கொள்ளும். கோட்டைக்கு அகழி வெட்டுவது போன்ற வேலை! இடம் பெயர நேர்ந்தால், அருகிலேயே புதுக்கூடு கட்டுமாயின், பழைய கூட்டின் மெழுகைச் சுமந்து சென்று பயன்படுத்திக் கொள்ளும். அத்துணைச் சிக்கனம்.

இக்கூட்டின் மேற்பகுதி தட்டையாக இருப்பதற்கு ஒரு கரணியம் உண்டு. பூவிருக்கும் திசையைத் தேனீக்கள் ஆடிக் காட்டும் என்பது நீங்கள் கேள்விப்பட்ட செய்தி. ஆசுத்திரிய நாட்டுக் கார்ல் பிரிசு என்பார் அதனைக் கண்டறிந்து 1973-இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் மாணவர் இலிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களை ஆய்ந்தார். இருட்டில் வாழும் தேனீ செங்குத்தான அடையின்மேல் ஆடுகின்றது. அங்கே 'மேல்' என்பது கதிரவன் இருக்கும் திசைக்கு ஈடு. கொம்புத்தேனீயோ கூட்டின் உச்சித் தட்டில், திறந்த வானத்தின்கீழ், பூவிருக்கும் திசையை நேராகவே சுட்டி ஆடுகின்றது. குறியீடு இன்றி நேரே விரல் நீட்டிக் காட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனீக்களின் ஆடல்மொழி எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு இஃதொரு பெருஞ்சான்று எனக் கருதப்படுகின்றது. உலகம் படித்த இப்பாடம் உங்கள் கிளுவை வேலிக்குள் இருக்கின்றது.

மூன்றாவது, அடுக்குத்தேனீ. மரப்பொந்து, கறையான் விட்டுச் சென்ற புற்று, கிணற்றுச் சுவரின் இடுக்கு, பழைய மண்வீட்டுச் சுவர் இவையே இதன் இருப்பிடம். இருட்டுக்குள் ஆறு, ஏழு, எட்டு அடைகளை, ஒன்றோடொன்று முட்டாமல், இரண்டு தேனீக்கள் முதுகோடு முதுகு உரசாமல் செல்லும் இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டும். நம் மருத்துவ நூல்கள் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று ஐந்தாக வகுத்துக் குணம் சொல்கின்றன. ஐந்தும் கூடு இருக்கும் இடத்தால் பெற்ற பெயர்கள். பின் மூன்றும் பெரும்பாலும் அடுக்குத்தேனீ குடியிருக்கும் இடங்களே.

இங்கேதான் பெயரின் பயனைக் காண வேண்டும். ஒருவன் தேனீ வளர்க்க விரும்புகின்றான். எதனைப் பெட்டியில் வைப்பது? ஒற்றை அடை கட்டி வெளிச்சத்தில் வாழும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டிக்குள் தங்கா. இருட்டுப் பொந்தில் அடுக்கிக் கட்டுவது எதுவோ அதுவே தங்கும். பெட்டிக்குள் நாம் வரிசையாக மாட்டும் சட்டங்கள் வேறென்ன? அவையும் ஓர் அடுக்குத்தானே! 'அடுக்குத்தேனீ' என்னும் பெயரிலேயே தேனீ வளர்ப்பின் முதற்பாடம் அடங்கியுள்ளது. 'இந்தியத் தேனீ' என்னும் பெயரில் என்ன அடங்கியுள்ளது? அத்தேனீ ஆப்கானித்தானம் முதல் சப்பான் வரை பரவியுள்ளது. சீனத்துக்கும் சாவகத்துக்கும் சப்பானுக்கும் உரிய உயிரை 'இந்தியத் தேனீ' என்பது அறிவியலும் ஆகாது, தமிழும் ஆகாது.

சப்பான் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன். அந்நாட்டில் வாழும் இதே தேனீயின் கிளையினம், பெருங்குளவி கூட்டுக்குள் நுழைந்தால் கொட்டுவதில்லை. நூற்றுக்கணக்கில் சூழ்ந்து பந்துபோல் அதனைப் பொதிந்துகொண்டு உடலைச் சிலிர்த்து வெப்பமூட்டும். பந்தின் உள்ளே வெப்பம் 46, 47 பாகை வரை ஏறும். குளவியால் அதனைத் தாங்க இயலாது, தேனீயால் இயலும். குளவி வெந்து மடியும். 1995-இல் இதனை அறிவியலார் விரிவாக வெளியிட்டனர். வலியோனை எளியோர் கூடி வெல்வதற்கு இதைவிட நல்ல காட்சி நான் கண்டதில்லை.

நான்காவது, கொசுத்தேனீ. இப்பெயர் மட்டும் கூட்டால் வந்ததன்று, உருவால் வந்தது. நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டரே. கொட்டும் கொடுக்கு இல்லை. எதிரி வந்தால் கடிக்கும், பிசினை அப்பும். சுவர் இடுக்கிலோ மரப்பொந்திலோ மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துக் கூடு கட்டி, வாயிலில் ஒரு சிறு குழாயை வெளியே நீட்டி வைக்கும். உள்ளே அறுபக்க அறைகள் இரா. முட்டை வைக்கும் சிற்றறைகள் கொத்துக் கொத்தாக ஒருபுறம். தேன் வைக்கும் சிறு குடங்கள் மற்றொரு புறம். தேன் சிறிதே கிடைக்கும். புளிப்புக் கலந்த இனிப்பு. மருந்துக்கென்று நம் வீடுகளில் போற்றி வைத்தது அத்தேன். திண்ணைச் சுவரில் அக்குழாயைக் கண்டால் அடைக்காமல் விட்டு வைத்த பாட்டிகள் இவ்வவையில் இருக்கக்கூடும்.

இனி, இத்தேனீக்களுக்கு அயல்நாட்டார் பெயரிட்ட வரலாற்றைச் சொல்கின்றேன். தென்மார்க்கு நாட்டில் பிறந்த யோகான் கிறித்தியன் பெப்ரிசியசு என்பார், இலின்னேயசின் மாணவர், பூச்சியியலின் பெருந்தலைவர். கொம்புத்தேனீக்கு 1787-இலும் மலைத்தேனீக்கு 1793-இலும் இலத்தீனப் பெயர் இட்டவர் அவரே. அடுக்குத்தேனீக்கு 1793-இல் ஒரு பெயரும், 1798-இல் 'இண்டிகா' என மற்றொரு பெயரும் இட்டார். முந்தையதே இன்று இனப்பெயராக நிற்கின்றது. 'இண்டிகா' கிளையினப் பெயராகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த 'இண்டிகா'வைப் பற்றிக்கொண்டு நாம் இன்னும் 'இந்தியத் தேனீ' என்று எழுதுகின்றோம்! தென்மார்க்கினர்க்கு அப்போது நம் தரங்கம்பாடியில் கோட்டை இருந்தது. அங்கிருந்து பூச்சிகள் கப்பலேறிச் சென்று அவர் மேசையை அடைந்தன. அவர் கண்டது ஊசியில் குத்திய உலர்ந்த உடலை. கூட்டை அவர் கண்டாரல்லர். எனவே உடலைப் பார்த்துப் பெயரிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தம் நிலையில் அரும்பணி செய்தார். உயிரோடு கூட்டைக் கண்ட நாம் நம் பெயரைக் கைவிட்டு, அவர் பெயரின் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டதே என் வருத்தம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே நூற்றாண்டில் மற்றொரு பெப்ரிசியசு சென்னையில் இருந்தார். யோகான் பிலிப்பு பெப்ரிசியசு என்னும் செருமானியச் சமயப் பணியாளர். 1779-இல் தமிழ்–ஆங்கில அகரமுதலியை வெளியிட்டவர். ஒரு பெப்ரிசியசு தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். மற்றொருவர் தமிழ்நிலத்துப் பூச்சிகளையும் தொகுத்தார். இருவர் ஏடும் ஒன்றாகியிருந்தால் நம் தேனீக்களின் பெயர் வரலாறு வேறாக இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஐரோப்பியத் தேனீயின் பெயருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இலின்னேயசு 1758-இல் அதற்கு இட்ட பெயருக்குத் 'தேன் சுமப்பது' என்று பொருள். தேனீ பூவிலிருந்து சுமப்பது தேனன்று, பூநீரே. அதனைக் கூட்டில் தேனாக்குகின்றது. இதனை உணர்ந்து 1761-இல் அவரே 'தேன் செய்வது' என்று பெயரை மாற்ற முனைந்தார். ஆயினும் முதலில் இட்டதே நிற்கும் என்னும் நெறிப்படி, பொருந்தாத பெயரே நின்றுவிட்டது. பெயரிடுதல் எளிதன்று என்பதற்காகச் சொன்னேன். மலைத்தேனீ, கொம்புத்தேனீ என்னும் பெயர்களில் இப்படி ஒரு பிழையைக் காட்டுங்கள் பார்ப்போம்!

பெட்டியைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவின் இலாங்சுதிராத்து என்பார் 1851-இல், அடைகளுக்கிடையே தேனீ விடும் இடைவெளியை அளந்து, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியைச் செய்தார். அதன் அளவு ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் அடுக்குத்தேனீ உருவில் சிறிது. இதனை உணர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் தேனீயின் கூட்டை அளந்து சிறு பெட்டி செய்தார். அவர் பெயராலேயே அப்பெட்டி இன்றும் வழங்குகின்றது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்றதும் அந்நூற்றாண்டில்தான். அயலார் செய்தது என்பதற்காக ஒன்றை நாம் தள்ளுவதில்லை. நம் கூட்டைப் பார்த்துச் செய்தார், அதனால் பயன்பட்டது. பார்க்காமல் செய்வதையே தள்ளுகின்றோம்.

1991, 1992 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை முதியோர் அறிவர். தாய்லாந்தில் 1976-இல் காணப்பட்ட ஒரு நச்சுயிரி நோய் தென்னாட்டுக்குள் புகுந்தது. அடுக்குத்தேனீயின் புழு, கூட்டுப்புழு ஆகுமுன்னரே, நீர் நிறைந்த பைபோல் ஆகி மடிந்தது. குமரியிலும் சேரநாட்டிலும் பெட்டிகளில் இருந்த தேனீக் குடிகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன என்பர். பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. பலர் தொழிலையே விட்டனர். அதன்பின்தான் இத்தாலியத் தேனீ இங்கே பெருகிற்று. வடக்கே காங்கிரா பள்ளத்தாக்கில் 1960-களின் தொடக்கத்திலேயே குடியேற்றப்பட்ட தேனீ அது. தேன் மிகுதியாகத் தருகின்றது, உண்மை. ஆனால் பூ இல்லாக் காலத்தில் சருக்கரைப்பாகு ஊட்ட வேண்டும். பூக்காலம் நோக்கிப் பெட்டிகளை வண்டியேற்றிச் செல்ல வேண்டும். உண்ணிக்கு மருந்திட வேண்டும். அவ்வுண்ணி முதலில் அடுக்குத்தேனீயின்மேல் வாழ்ந்ததே. அடுக்குத்தேனீ அதனை உடலிலிருந்து பற்றி நீக்கும் பழக்கமுடையது. வந்தேறிய தேனீக்கு அப்பழக்கம் போதவில்லை.

அடுக்குத்தேனீ மீண்டது எவ்வாறு? நோயைத் தாங்கித் தப்பிய குடிகளிலிருந்தே மீண்டது. பொந்திலும் புற்றிலும் சுவரிலும் யாருடைய கணக்கிலும் வராமல் வாழ்ந்த குடிகள், பெட்டியில் வாழ்ந்தவற்றுக்கு விதைநெல்லாக நின்றன. ஆகவே ஒரு பழைய புளியமரத்தை வெட்டும்போது, ஒரு மண்சுவரை இடிக்கும்போது, ஒரு கிணற்றைத் தூர்க்கும்போது விதைநெல்லில் ஒரு பிடி போகின்றது என்று கருதுங்கள்.

இதுவரை சொன்னவை தேன் தரும் தேனீக்கள். உலகில் பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேல். இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் எழுநூறுக்கு மேல். இவற்றுள் நாம் உண்ணத் தேன் தருவன விரல்விட்டு எண்ணத்தக்கவையே. மற்றவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வனவல்ல. ஒரு தாய், ஒரு வளை, சில முட்டைகள், அவ்வளவே அதன் குடும்பு. உழவர்களே, உங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள் இவர்களே!

கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் உற்றுப் பாருங்கள். அதன் தாதுப்பை வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஒரு சிறு துளைதான். உப்புக்குடுவையைக் குலுக்கினால் உப்பு உதிர்வது போல், பூவைக் குலுக்கினால்தான் தாது உதிரும். நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டு என்று நாம் அழைக்கும் மரந்துளைக்கும் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமல் மார்புத் தசையை அதிர்த்து 'ங்' என்று ஒலியெழுப்பித் தாதை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. நூறு பெட்டி கொண்டுவந்து கத்தரிக்காட்டில் வைத்தாலும் இவ்வேலையை அது செய்யாது.

மரந்துளைக்கும் தேனீ காய்ந்த மூங்கிலிலும் உலர்ந்த கட்டையிலும் விரல் நுழையும் துளையிட்டு, உள்ளே மரத்தூளால் தடுப்பு வைத்து, ஒவ்வோர் அறையிலும் தாதும் பூநீரும் பிசைந்த ஓர் உருண்டையும் ஒரு முட்டையும் வைக்கும். முருங்கைப் பூவுக்கு அது உற்ற துணை. இலைவெட்டித் தேனீ இருக்கின்றதே, அது முல்லைக்கும் பன்னீர்ப்பூவுக்கும் இலைகளில் வட்ட வட்டமாகக் கத்தரித்தாற்போல் வெட்டிச் செல்லும். பூச்சி அரித்ததென்று மருந்தடிக்க ஓடுகின்றோம். அவ்விலைத் துண்டுகளைச் சுருட்டித் தொட்டில் செய்கின்றது அது! துவரைப் பூவுக்கு வரும் தேனீக்களுள் தலையாயவை இவ்வினத்தவையே. நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் மேட்டிலும் வளை தோண்டும். உலகத் தேனீக்களுள் பத்தில் ஏழு, நிலத்தினுள் வளை தோண்டி வாழ்வன.

நிலத்தினுள் என்பதை எண்ணிப் பாருங்கள். உழாத வரப்பு, இட்டேரி ஓரம், மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு, புன்செய்க்காட்டு மூலையில் கிடக்கும் மேடு, இவை அவற்றின் ஊர்கள். கோப்புகளில் இவற்றுக்குத் 'தரிசு' என்று பெயர். பயனற்றது என்பது அதன் பொருளாம்! 2021-இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,800 ஏக்கருக்கு மேல் தொழிற்பூங்காவிற்கு எடுக்க முற்பட்டபோது நீங்கள் எழுந்து நின்றீர்கள். 2022 இறுதியில் உழவர் நிலம் எடுக்கப்படாது என்னும் அறிவிப்பு வந்தது. அப்போராட்டத்தை நான் வணங்குகின்றேன். ஆனால் அதே நிலத்தில் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்காலும் கம்பிவலையும் நட்டவர் யார்? எந்த அரசாணையும் அதற்கு வரவில்லை. கிளுவை வேலி நிழலால் நாலடி நிலம் போகின்றது என்கின்றீர்கள். அந்நாலடியில் இருந்த கொம்புத்தேனீயும் வளைத்தேனீயும் பக்கத்துத் துவரைக்கும் கத்தரிக்கும் செய்த வேலையைக் கணக்கில் கழித்தீர்களா?

நஞ்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், உங்களுக்குத் தெரியாததன்று. இமிடாகுளோபிரிடு, குளோத்தியானிடின், தையமீத்தாக்சம் என்னும் மூன்று பூச்சிக்கொல்லிகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்கு இடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது. தேனீக்களுக்கு அவை கேடு என்பதே கரணியம். முதலும் மூன்றும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. அடித்தே ஆக வேண்டும் என்னும் நிலை வந்தால், பூத்திருக்கும்போது அடிக்காதீர்கள், காலையில் அடிக்காதீர்கள். தேனீ வீடு திரும்பியபின் பொழுது சாயும் வேளையில் அடியுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இளைஞர்களுக்கு ஒன்று. நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது எளிது. நான் அவ்வாறு முழங்க வரவில்லை. ஞிமிறு, சுரும்பு, தும்பி, வண்டு, மிஞிறு எனக் கழக இலக்கியத்தில் பல சொற்கள் உள்ளன. எச்சொல் எவ்வினத்தைக் குறித்தது என்று இன்று நம்மால் முடிவாகச் சொல்ல இயலவில்லை. சொல் இருக்கின்றது, அதன் கூடு தொலைந்துவிட்டது. உரைகாரர் காலத்திலேயே அது மங்கத் தொடங்கிற்று. இன்று மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் நமக்கு விளங்குகின்றன என்றால், கூடு இன்னும் கண்முன் இருப்பதே கரணியம். வேலி போனபின் 'கொம்புத்தேனீ' என்னும் சொல்லும் ஞிமிறு போல் அகரமுதலியில் மட்டும் வாழும். மொழியைப் பற்றிப் பேசுகின்றேன் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

அறிவியல் பாடத்தைத் தமிழில் எழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். 'இராணித் தேனீ' என்று எழுதுகின்றீர்கள். அது ஆட்சி செய்வதில்லை, ஆணை இடுவதில்லை, முட்டையிடுகின்றது, கூட்டை ஒன்றாக வைத்திருக்கும் மணத்தைப் பரப்புகின்றது. தாய்த்தேனீ என்று எழுதினால் தமிழுமாகும், உண்மையுமாகும். மகரந்தத்தைத் தாது என்று எழுதுங்கள். ஒரு குழந்தைக்கும் நா புரளும்.

நீலப்பட்டைத் தேனீ, இலைவெட்டித் தேனீ என்று நான் சொன்ன பெயர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிக்கொண்டவை. மனநிறைவோடு நான் அவற்றைச் சொல்லவில்லை. இவற்றுக்கு ஆடு மேய்த்தவர்களும் களை எடுத்தவர்களும் இட்ட பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கும். பொத்தகங்களில் நான் தேடிய வரையில் அவை ஏறவில்லை. இங்கே அறுபது, எழுபது அகவை கடந்த பெரியோரும் ஆத்தாமாரும் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். வரப்பில் வளை தோண்டும் சிறு தேனீக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? மூங்கிலைத் துளைப்பதற்கு என்ன பெயர்? மாலையில் காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்குமே, நீலக்கோடு போட்ட ஒன்று, அதனை என்னவென்று அழைத்தீர்கள்? கொச்சைச் சொல் என்று கூச வேண்டா. எந்த ஊரில், யார் வழங்கும் சொல் என்பதோடு சொன்னால் போதும். நான் தாளும் எழுதுகோலும் கொண்டுவந்துள்ளேன். என் பேச்சு முடிந்தது. இனி நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கின்றேன்.